பன்னிரண்டாம் தேதி பிறந்தவள்

“பொண்ணு என்னைக்குப் பொறந்துச்சு?”

தரகர் செல்லையா பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு கேட்டார். பெயர், படிப்பு, வேலை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிட்டன. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இராமையா அரை மணி நேரமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“அறுபத்தொம்பது” என்றார்.

“வருஷம் சரி. தேதி?”

“மே மாசம்.”

“மாசம் முழுக்கவா பொறந்துச்சு? தேதியைச் சொல்லுங்க லா.”

இராமையா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே மனைவி அன்னம்மா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். உதவி வராது என்று தெரிந்ததும், “பதிமூணு” என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

பேனா நின்றது. பிறகு அந்த முகம் வந்தது.

அந்த முகம் இராமையாவுக்குப் பழக்கம். முதலில் புருவம் ஏறும். வாய் கொஞ்சம் திறக்கும். பிறகு, ஐயோ தப்பாகப் பார்த்துவிட்டோமே என்று அவசரமாக ஒரு சிரிப்பு வந்து எல்லாவற்றையும் மூடும். எல்லாம் அரை நொடிதான். பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்த ஆசிரியரிடம் அதைப் பார்த்திருக்கிறார். அடையாள அட்டை எடுத்த அலுவலகத்தில், பல் பிடுங்கிய கிளினிக்கில், எங்கெல்லாம் அந்தத் தேதியைச் சொன்னாரோ அங்கெல்லாம் பார்த்திருக்கிறார். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று அந்த முகத்துக்கு வித்தியாசமே கிடையாது.

மகள் அமராவதி பிறந்தபோது மாலை ஆறு மணி. இராமையா அப்போதும் ரப்பர் தோட்டத்து லோரி டிரைவர்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் ஒரு டின் மிட்டாய் வாங்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஓடி வந்தார். அதற்குள் ரேடியோவில் செய்தி வந்திருந்தது. கோலாலம்பூரில் இனக் கலவரம், வெட்டு, தீவைப்பு, ஊரடங்கு. லயம் முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. கதவு கதவாகத் தட்டி, “எனக்குப் பொம்பளப் புள்ள” என்றார். “வாயை மூடிக்கிட்டு உள்ள போய்யா” என்று ஒரே ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. மிட்டாய் டின் அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்து எறும்பு தின்றது.

அதற்குப் பிறகு அவர் மகளுடைய பிறந்தநாளை அந்தத் தேதியில் கொண்டாடியதே இல்லை. பக்கத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுவார். சில வருடம் ஞாயிறு முன்னால் வரும், சில வருடம் பின்னால் வரும். ஆறு வயதில் அவள், “அப்பா, என் பொறந்தநாளு மட்டும் ஏன் நடந்துக்கிட்டே இருக்கு?” என்று கேட்டாள். அவளுக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தார். அது ஒரு பதிலா என்று இன்றுவரை அவருக்குச் சந்தேகம்தான்.

“ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் இந்தத் தேதியாலதான் நின்னு போச்சு” என்றார் இராமையா.

செல்லையா பேனாவை மூடினார். “இந்த இடம் அதைவிட மோசம் அண்ணே. புக்கிட் பெலிம்பிங்ல செல்லன்னு ஒருத்தர். நல்ல குடும்பம். பையன் ராஜு தண்ணி இலாகாவுல கிளார்க். ஆனா அவங்க மூத்த பையன் அன்னைக்குத்தான் வேலைக்கு மனு கொடுக்க கே.எல். போனான். திரும்பி வரல.”

அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது.

“அது மட்டுமில்ல. மூணு பொண்ணு பார்த்தாங்க. அந்த அம்மா தேதியை மட்டும் கேக்குது. காப்பியைக் குடிக்கிறாங்க, எந்திரிச்சுப் போயிடுறாங்க. காரணம் சொல்றதில்ல.”

“அந்தப் பொண்ணுங்க என்ன தேதி?”

“எட்டு, பதினேழு, இருபத்தாறு.”

இராமையா விரல்விட்டுக் கூட்டினார். ஒன்றும் ஏழும் எட்டு. இரண்டும் ஆறும் எட்டு. எழுந்து நின்றுவிட்டார்.

“எண் கணிதம் பார்க்கிறாங்கய்யா. எட்டு ஆகாது. பதிமூணைக் கூட்டினா நாலு, அதுவும் ஆகாது. அதோட அவங்க பிள்ளை போன நாளு வேற.”

வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார். ஆனால் ராஜுவின் படம் போன வாரமே வீட்டுக்கு வந்துவிட்டது. எந்தப் படத்தையும் ஓரக்கண்ணால்கூடப் பார்க்காத அமராவதி, இதை மட்டும் எடுத்துத் தன் கைப்பையில் வைத்திருந்தாள். திருப்பித் தரவில்லை. மகள் வாய் திறந்து கேட்டது இந்தப் பத்தொன்பது வயதுக்குள் மிகக் குறைவு. கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

“பதினஞ்சுன்னு எழுதுங்க” என்றார் இராமையா. “கூட்டினா ஆறு. சுக்கிரன்.”

“அண்ணே...”

“ரெண்டு நாளுதானே. யாரு குடி முழுகப் போகுது?”

செல்லையா எழுதினார். அன்றே போய்ச் சொல்லியும்விட்டார். ஜாதகம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

கோவில் சோதிடர் பதினைந்தாம் தேதிக்குக் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“செவ்வாய் தோஷம் இருக்கே.”

“என் மகளுக்குத் தோஷம் கிடையாதுங்க.”

“உங்க மகளுக்குக் கிடையாது. பதினஞ்சாந் தேதிக்கு இருக்கு.” அமராவதியின் உண்மையான ஜாதகத்தை எழுதியதும் இந்தச் சோதிடரேதான். “பதிமூணு அருமையான ஜாதகமாச்சே. அதை ஏன்யா விடுறீங்க?”

“அது வேணாங்க. வேற நாள் பாருங்க.”

“மார்க்கெட்டுல மீன் பொறுக்குற மாதிரி கேக்குறீங்களே.” புலம்பிக்கொண்டே இன்னொரு கட்டம் போட்டார். “பன்னெண்டு சுத்தமா இருக்கு. கூட்டினா மூணு. குரு.”

இராமையா பன்னிரண்டை வாங்கிக்கொண்டு செல்லையாவிடம் ஓடினார். செல்லையா தலையில் கைவைத்தார்.

“நான் பதினஞ்சுன்னு சொல்லிட்டேனே. இப்ப பன்னெண்டுன்னா, புள்ள பின்னாடி நடந்துச்சான்னு கேப்பாங்க.”

“கிராணி தப்பா எழுதிட்டாருன்னு சொல்லுங்க.”

அதை நம்புவார்கள். தோட்டத்தில் அந்தக் காலத்தில் அப்படித்தான். பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி தன் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்வார். சனிக்கிழமை டவுனுக்குப் போகும்போது மொத்தமாகப் பதிந்துவிட்டு, அப்படியே முடி வெட்டிக்கொண்டு வருவார். ஒரே லயத்தில் நாலு பிள்ளைகளுக்கு ஒரே பிறந்த தேதி இருப்பதுண்டு. ஆனால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து, அப்படியானால் கிராணியிடமே ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சிவானந்தம் கிராணி வேலையிலிருந்து ஓய்வுபெற்று புக்கிட் ரோத்தானில் இருந்தார். தோட்டத்தில் ஆள் வரவும் பால் நிறையும் குறித்துவைத்த செக்ரோல் புத்தகங்களை எல்லாம் கூடவே கொண்டுவந்து கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தார். புதிய கிராணிகளின் கையெழுத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

“நான் தேதியைத் தப்பா எழுதுனேன்னு நானே எழுதித் தரணுமா?” என்றார்.

“என் மகளுக்காகக் கேக்குறேங்க ஐயா.”

கிராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அறுபத்தொன்பதாம் வருடத்துப் புத்தகத்தை இழுத்துப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

“முடியாதுய்யா. பதிமூணாந் தேதி காலையில உன் பொஞ்சாதி பால் வெட்டுக்குப் போயிருக்கா. முப்பத்திரண்டு ராத்தல் நிறுத்திருக்கா. பன்னெண்டாந் தேதி புள்ள பெத்தவ மறுநாள் எப்படிய்யா பால் வெட்டுவா?”

அன்று விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அன்னம்மா வேலைக்குப் போனது அவருக்கு நினைவு வந்தது. “வலி இன்னும் வரலங்க, ஒரு நாள் சம்பளத்தை ஏன் விடணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்ததும் கிராணியும் இளகிவிட்டார். “அழாதய்யா. செக்ரோலை நான் மாத்தமாட்டேன். அது பாவம். ஆனா லெட்டர்ல எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியும்.”

எழுதினார். ஒன்றரைப் பக்கம். நடுவில் இப்படி வந்தது: ‘மேற்படி அன்னம்மாள், பன்னிரண்டாம் தேதி பெண் மகவை ஈன்று, மறுநாள் காலையே வேலைக்கு வந்து முப்பத்திரண்டு ராத்தல் பால் நிறுத்தார் என்பதையும், அன்னாரின் தேக ஆரோக்கியம் அத்தகையது என்பதையும் இதன்வழி உறுதி கூறுகிறேன்.’

வீட்டில் அன்னம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னாள்.

“நான் மனுஷியா, எருமையா?” என்றாள்.

“சும்மா ஒரு லெட்டர்தானே.”

“அன்னைக்கு வலியோட வெட்டுனேன். அதை இத்தனை வருஷத்துல ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. நான் செய்யாத ஒண்ணுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி வாங்கிட்டு வந்திருக்கீங்க.” அதோடு மூன்று நாள் அவருடன் பேசவில்லை.

பாக்கி இருந்தது அடையாள அட்டை. அமராவதி ராவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தினமும் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பெண் பார்க்க வரும் அன்று யாராவது அவள் கைப்பையை எதற்காவது திறந்தால் என்ன ஆவது? இராமையாவுக்கு இதை நினைத்துத் தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை காலை, அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது அட்டையை உருவி அரிசித் தவலைக்குள் புதைத்துவிட்டார். படத்தைத் தொடவில்லை. அது பைக்குள் பத்திரமாக இருந்தது.

அன்று என்று பார்த்துப் பத்தாங் பெர்ஜுந்தை அருகே போலீஸ் சாலைத்தடுப்பு. பஸ்ஸில் எல்லாரும் அட்டையை எடுத்துக் காட்ட, அமராவதி மட்டும் பையைக் கவிழ்த்துத் தேடினாள். விழுந்தவை ஒரு சீப்பு, ஒரு பேனா, ராஜுவின் படம். இறக்கி நிறுத்திவிட்டார்கள். பிறகு போலீஸ்காரர் பெயர், பிறந்த தேதி சொல்லச் சொன்னார். மலாயில் சத்தமாகச் சொன்னாள். பஸ் ஜன்னல்களில் முப்பது பேர் கேட்டார்கள். முப்பது பேருக்கும் அந்த முகம் வந்தது. கம்பெனி சூப்பர்வைசர் வந்து பொறுப்பு ஏற்ற பிறகுதான் விட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். “அப்பா, என் ஐ.சி. எங்க?”

இராமையா தவலையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். அட்டையில் ஒட்டியிருந்த அரிசியை அவள் ஊதிவிட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பதினைந்து, பன்னிரண்டு, கிராணி, முப்பத்திரண்டு ராத்தல் எல்லாம்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை.

“அவங்களுக்குத் தெரிஞ்சா தெரியட்டுமே ’ப்பா. வேணான்னா வேணான்னுட்டுப் போகட்டும்.”

“அவங்க வீட்டுல ஒரு உசுரு போன நாளும்மா. நீ அந்த வீட்டுக்குள்ள நடக்கும்போதெல்லாம் அவங்களுக்கு அது ஞாபகம் வரும். அந்த முகத்தோட நீ காலம் பூரா குடும்பம் நடத்தணுமா?”

“எனக்குப் பழக்கந்தான். முகம் வர்றதுக்கு முன்னாடியே நான் சிரிச்சிடுவேன். ஸ்டாண்டர்ட் ஒன்லயே கத்துக்கிட்டேன்.”

இராமையாவுக்கு அது தெரியாது. மகள் ஏன் எப்போதும் முந்திக்கொண்டு சிரிக்கிறாள் என்று அவர் யோசித்ததே இல்லை. சிரித்த முகம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியில் யார் யாரோ என்னென்னவோ செய்தார்கள், இவள் பிறந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் அவர்தான் வருடா வருடம் அந்த நாளைத் தூக்கி ஞாயிற்றுக்கிழமையில் ஒளித்து வைத்தார். தவலைக்குள் அட்டையை வைத்த மாதிரி.

“இந்த ஒரு தடவை பன்னெண்டுன்னு சொல்லும்மா” என்றார்.

அவள் அட்டையைக் கைப்பையில் போட்டாள். “சரி, சொல்றேன் லா” என்று உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ராஜு, அவன் அம்மா தங்கமணி, அப்பா செல்லன். கூடத் தரகர் செல்லையா. செல்லன் வாசலோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வந்ததிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாத மனிதர் என்று செல்லையா முன்பே சொல்லியிருந்தார்.

அமராவதி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ராஜு கோப்பையை வாங்கிவிட்டுக் குடிக்க மறந்தான். தங்கமணி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்து, என்ன வேலை, எத்தனை மணிக்கு பஸ் என்றெல்லாம் கேட்டாள். கையை விடவே இல்லை. இராமையாவும் அன்னம்மாவும் அந்தக் கடிதம் வந்த பிறகு முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள் தங்கமணி. “ராஜு முகத்தைப் பார்த்தாலே தெரியுது.” பிறகு கொஞ்சம் தயங்கினாள். “அந்தத் தேதி விஷயம்தான்... மொதல்ல பதினஞ்சுன்னாங்க. அப்புறம் பன்னெண்டுன்னாங்க. மே மாசம்னு கேட்டதும் நானே நேர்ல வந்து பார்த்துடணும்னு இருந்தேன்.”

இராமையா தயாராக இருந்தார். ஜாதகத்தை நீட்டினார். கிராணியின் கடிதத்தை நீட்டினார். “தேதியில சந்தேகமே வேணாங்க. சத்தியமா பன்னெண்டுதான். கிராணி கைப்பட எழுதிக் கொடுத்திருக்காரு.”

தங்கமணி கடிதத்தை வரி வரியாகப் படித்தாள். நடுவில் நிமிர்ந்து அன்னம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மறுநாளேவா?”

“ஆமாங்க” என்றாள் அன்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

“முப்பத்திரண்டு ராத்தலா?”

“கொஞ்சம் மழைங்க. இல்லாட்டி நாப்பது வந்திருக்கும்.”

செல்லையாவுக்குப் புரையேறியது. தங்கமணி கடிதத்தை மடித்தாள். மடித்ததையே இன்னொரு முறை மடித்தாள். அமராவதியின் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். “நீ சொல்லும்மா. என்னைக்குப் பொறந்தே? பன்னெண்டா?”

அமராவதி அப்பாவைப் பார்த்தாள். இராமையாவின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

“பன்னெண்டுங்க” என்றாள். சொல்லிவிட்டு வழக்கம்போல் முந்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அந்த முகம் வரவில்லை. தங்கமணியின் முகத்தில் வந்தது வேறு என்னவோ. விளக்கை யாரோ ஊதி அணைத்தது போல் இருந்தது. அமராவதியின் கையை விட்டாள். கோப்பையில் பாக்கியிருந்த காப்பியைக் குடித்து முடித்தாள். எழுந்தாள்.

“வர்றோம்ங்க.”

இராமையா குறுக்கே வந்து நின்றார். “என்னங்க இது? பன்னெண்டுங்க. கூட்டினா மூணு. குருங்க. தோஷம் கிடையாது. வேற என்னங்க குறை?”

“ஒரு குறையும் இல்லீங்க” என்றாள் தங்கமணி. படி இறங்கிப் போய்விட்டாள். ராஜு அமராவதியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான். செல்லையா கடவுளே என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

வாசலில் செல்லன் மட்டும் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இராமையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்களாவது சொல்லுங்க. என் பொண்ணு தேதியில என்னங்க தப்பு?”

செல்லன் நிமிர்ந்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

“பெரியவன் போனதுலேருந்து அந்தப் பதிமூணாந் தேதி எங்க வீட்டுல அடுப்பே எரியறதில்லீங்க, அன்னைக்குப் பொறந்த பொண்ணு ஒண்ணு மருமகளா வந்தா, அவ பொறந்தநாளுக்காகவாச்சும் அன்னைக்கு ராஜு அம்மா ஒரு பாயாசம் வைப்பாளேன்னுதான் தேடிக்கிட்டு இருக்கோம், உங்க பொண்ணு ஒரே ஒரு நாள் முந்திப் பொறந்துடுச்சே.”